குத்தூசி நயினாரும் பாண்டிச்சேரி சாக்ஸபோனும்

கீழ்பென்னாத்தூரில் மணிலா என்கிற வேர்க்கடலை மண்டியில் எடை போடும் தேவகுமாரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குத்தூசி நயினார் என்றால்தான் தெரியும். நயினார் என்பது தமிழ்ச் சமணர்களுக்கு ஊரில் உள்ள மரியாதைப் பெயர். குத்தூசி மண்டி கொடுத்த பட்டம். மூட்டையின் வயிற்றில் செருகி இழுத்தால் அடியில் கிடக்கும் சரக்கை ஒரு பிடி வெளியே கொண்டுவரும் இரும்பு ஊசி அது. இருபத்தேழு வருஷமாக அது அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. மேலே முத்து முத்தாகப் பருப்பைப் பரப்பி, அடியில் சொத்தையைத் திணித்துக் கொண்டுவந்த எத்தனையோ கெட்டிக்காரர்கள் அந்த ஊசியைக் கண்டதும் தாங்களாகவே மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

"நயினாரை ஏமாத்தணும்னா இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்" என்று வியாபாரி ராஜமாணிக்கம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். தேவகுமார் அதைக் காதில் வாங்காத மாதிரி தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார். காது மட்டும் சிவந்துவிடும். மனுஷனுக்கு சொத்து என்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு சின்ன வீடும் இந்த ஒரு வாக்கியமும்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்திரண்டாவது வயதில் காதலில் விழுந்தார். விழுந்தது ஒரு சாக்ஸபோன் மேல்.

எல்லாம் ராஜமாணிக்கம் வீட்டுக் கல்யாணத்தில் வந்த வினை. மாலை வரவேற்பில் ஒருத்தர் மேடையில் நின்று தங்க நிறத்தில் வளைந்த எதையோ வாயில் வைத்து ஊதினார். தேவகுமார் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர், பாதியில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். இவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்தான். மனைவி கனகலதா வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சூரியன் போனது, சாப்பாடும் போனது. அன்று ராத்திரி பட்டினியாகப் படுத்துக்கொண்டு, "கனகா, அது எப்படி அழுதுச்சு பார்த்தியா? சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு நிலை கொள்ளவில்லை. மூட்டை எண்ணும்போது விரல்கள் தானாகப் பொத்தான் அழுத்தின. பல் தேய்க்கும்போது பிரஷ்ஷை வாயோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புதுசாக வாங்கக் கையில் காசில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் த்ரிசலாதான் போனில் வழி சொன்னாள். "அப்பா, பழைய சாமான் ஏலம் விடற சைட்டு இருக்கு. அதுல பாருங்க. ஆனா பணத்தை அந்த சைட்டு வழியா மட்டும்தான் கட்டணும். பொருள் உங்க கைக்கு வர்ற வரைக்கும் பணம் அவங்ககிட்டயே இருக்கும். விக்கிறவன் தனியா அனுப்பச் சொன்னா, போனை வச்சிடுங்க."

"எனக்கே சொல்றியா? நான் யாரு?" என்றார் குத்தூசி நயினார்.

மறுநாளே சிக்கியது. தகதகவென்று ஒரு சாக்ஸபோன், நாற்பதாயிரத்தில் ஏலம் நின்றது. விற்கிறவர் பெயர் ஜினேந்திர நயினார். படித்ததும் தேவகுமாருக்கு வாயெல்லாம் பல். தன் பெயரும் போன் நம்பரும் போட்டுத் தளத்தில் செய்தி அனுப்பினார். ஜினேந்திரன் உடனே போனில் வந்தான்.

"அண்ணா, நீங்க நம்மாளா! சொல்லவே இல்லையே! எங்க வீட்ல எல்லாம் பொழுது போனா அடுப்பே எரியாதுண்ணா. அவ்ளோ கண்டிஷன். உங்களுக்குன்னா ஏலம் எதுக்குண்ணா? சைட்டுக்காரன் கமிஷன்லயே ஜாஸ்தி போயிடும். நான் ஏலத்தை நிறுத்திடறேன். முப்பதாயிரம் எனக்கு நேரா போட்டுடுங்க. நாளைக்கே பார்சல்."

மண்டியில் எவனாவது இப்படிப் பேசியிருந்தால் தேவகுமார் ஊசியை உருவியிருப்பார். நம்மாள் என்ற ஒரு சொல்லில் ஊசி மழுங்கிவிட்டது. சுற்றிலும் ஆயிரம் பேருக்கு நடுவே நாலு வீடாக வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொல் கேட்டால் நெஞ்சு இளகத்தான் செய்யும். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்தக் கணக்கு தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, வாங்கியவர்கள் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதெல்லாம் திரையிலேயே இருந்தது. இவர் கண்ணுக்குத் தெரிந்தது தங்க நிறம் மட்டுமே.

அடுத்த நாள் மாலை ஏழே முக்காலுக்கு பணம் அனுப்பப் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவசரத்தில் வங்கி எண்ணில் ஒரு இலக்கம் சந்தேகம். ஜினேந்திரனைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அண்ணா, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். சூடா பரோட்டா. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றது போன்.

துணி மடித்துக்கொண்டிருந்த கனகலதா நிமிர்ந்தாள்.

"ஏங்க, மணி என்ன?"

"ஏழே முக்கா."

"பொழுது போனா அடுப்பே எரியாதுன்னு சொன்னவன்தானே இவன்?"

தேவகுமாருக்கு சுருக்கென்றது. விட்டுக்கொடுக்க மனசில்லை. "அதுக்கு என்ன இப்போ? நம்ம பொண்ணே பெங்களூர்ல ஒம்பது மணிக்கு சாப்பிடறா."

"அவ சாப்பிடறா. ஆனா சாப்பிடலைன்னு யார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கலையே. இவன் சொன்னது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. மூட்டையில மேல ஒண்ணு அடியில ஒண்ணு இருந்தா மண்டியில என்ன பண்ணுவீங்க?"

"குத்திப் பார்ப்பேன்."

"குத்துங்க."

குத்தினார். அன்றைக்குத்தான் இருபத்தேழு வருஷ அனுபவம் தூக்கத்திலிருந்து எழுந்தது. ஜினேந்திரன் திரும்பக் கூப்பிட்டதும், "தம்பி, ஒரு சின்ன உதவி. அந்த சாக்ஸபோன் வாயில ஒரு பிடி மல்லாட்டை போட்டு ஒரு போட்டோ அனுப்புப்பா" என்றார்.

"என்னது?"

"மல்லாட்டைப்பா. வேர்க்கடலை. எங்கேயோ சுட்ட படமா இருந்தா அதுல மல்லாட்டை இருக்காது இல்ல? கையில பொருள் இருக்கிறவனுக்கு ஒரு நிமிஷ வேலை."

அந்தப் பக்கம் நம்மாள் பாசம் வற்றிப்போனது. அண்ணா என்பது போய் யோவ் வந்தது. "வாங்கறதுனா வாங்கு, இல்லைனா போய்யா" என்று ஒரு குரல் கத்தி, வைத்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்தக் கணக்கே தளத்தில் இல்லை.

தேவகுமார் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். முப்பதாயிரம் போயிருக்கும், அது ஒரு பக்கம். ஊருக்கே சரக்குப் பார்த்துச் சொல்கிறவன் ஒரு பரோட்டாக்காரனிடம் மாட்ட இருந்தானே! "கனகா, இது வெளியில தெரியக்கூடாது" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் முறைத்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் பரோட்டா பரோட்டா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இனி ஊசி இல்லாமல் ஒரு அடி வைப்பதில்லை என்று முடிவானது. இரண்டு பேரும் சேர்ந்தே தேடினார்கள். பங்குனி மாதம் பிறந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. படம் ஒன்றும் அழகாக இல்லை. மங்கலான வெளிச்சம், பின்னால் கொடியில் துண்டு காய்ந்தது. முதல் படமே ஒடுக்கு விழுந்த இடத்தைக் கிட்டத்தில் காட்டியது. 'கீழே ஒருமுறை விழுந்தது. ஒரு பொத்தான் இறுக்கமாக இருக்கும். சுருதிக்குக் குறைவில்லை' என்று எழுதியிருந்தது. விற்பவர் மதிவதனி, பாண்டிச்சேரி, பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழு ஆசிரியை.

"சொத்தையை முதல்ல காட்டறாங்க பாரு" என்றார் தேவகுமார். குரலில் பக்தி.

அவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் நாற்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். ஒன்றுவிடாமல் கனகலதா சத்தமாகப் படித்தாள். ஒருத்தர், பார்சல் இரண்டு நாள் தாமதம் என்று திட்டியிருந்தார். அதைக் கேட்டதும் தேவகுமாருக்கு நிம்மதி. ஒரு சொத்தைகூட இல்லாத குவியலைப் பார்த்தால்தான் மண்டிக்காரனுக்குப் பயம்.

மல்லாட்டைக் கோரிக்கை போனது. ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. சாக்ஸபோனின் வாய் நிறைய மல்லாட்டை, ஆவி பறந்தது. கூடவே செய்தி: 'சார், பச்சையாகக் கிடைக்கவில்லை. பீச்சில் அவித்ததுதான் விற்றார்கள். பரவாயில்லையா? இப்போது என் முறை. ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் ஓடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் நிஜமாகவே ஊதப் போகிறவர்தான் என்று நான் எப்படி நம்புவது? கன்னத்தை உப்பி ஒரு போட்டோ அனுப்புங்கள்.'

கனகலதா எடுத்தாள். முதல் படத்தில் கண் மூடியிருந்தது, இரண்டாவதில் அவளே கை ஆடிச் சிரித்ததில் கூரை மட்டும் பதிந்தது. ஆறாவது தேறியது. மூக்குக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு பூரி மாதிரி கன்னங்கள். அதை அனுப்பினார்கள். 'நம்பிட்டேன்' என்று பதில் வந்தது.

ஏலம் பௌர்ணமி அன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. மண்டி ஏலத்தில் வியாபாரிகள் தங்கள் விலையைச் சீட்டில் எழுதி, மடித்துப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறக்கும்போது யார் சீட்டில் ஜாஸ்தியோ அவருக்குச் சரக்கு. போட்ட சீட்டைத் திருத்தக் கூடாது. ராஜமாணிக்கம் எத்தனையோ தடவை, "நயினாரே, இன்னும் ஒரு ரூவா ஏத்தி எழுதிக்கறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். "எழுதினது எழுதினதுதான், முதலாளி" என்று தேவகுமார் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்கிறார். இந்தத் தளத்திலும் அதற்கு வழி இருந்தது. தன்னால் முடிந்த கடைசி விலையை ஒரே தடவை எழுதி வைத்துவிட்டால், மற்றவர்கள் ஏற ஏற அதுவே அந்த விலை வரை ஐநூறு ஐநூறாக ஏற்றிக்கொடுக்கும். காலையில் குளித்துவிட்டு இருபத்து நாலாயிரம் என்று எழுதினார். "எழுதினது எழுதினதுதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனை அலமாரியில் வைத்தார்.

மாலை ஐந்தரைக்கு அலமாரி அவரைக் கூப்பிட்டது. சும்மா பார்க்கலாம் என்று எடுத்தார். விலை பத்தொன்பதாயிரம். அடுத்த தடவை இருபத்தொன்று. யாரோ ஒரு மகாபாவி எதிரில் நின்று ஏற்றிக்கொண்டிருந்தான். ஐந்து ஐம்பதுக்கு இருபத்து மூவாயிரத்து ஐநூறு. இன்னும் ஒரு படிதான் மிச்சம்.

தேவகுமாருக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாக்ஸபோன் அதுதான் என்று தோன்றிவிட்டது. இருபத்தாறாயிரமாக மாற்றிவிடலாம் என்று அவசர அவசரமாக எண்ணைத் தட்டினார். அனுப்பு என்பதை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் சிக்னல் கிடைக்குமா? மலையைச் சுற்ற வந்த லட்சம் பேரும் ஒரே நேரத்தில் போனில் நின்றார்கள். தேவகுமார் மொட்டை மாடிக்கு ஓடினார். கிடைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். அங்கே நின்று, போனை மலையை நோக்கித் தூக்கிப் பிடித்து, ஒரு காலில் சாய்ந்து, மறு காலில் சாய்ந்து ஆடினார். கீழே ரோட்டில் போன ஒரு கூட்டம், இவரும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது.

கனகலதா தட்டோடு மாடிக்கு வந்தாள். "இறங்குங்க. பொழுது இறங்குது. இட்லி ஆறுது."

"இன்னும் நாலு நிமிஷம் கனகா! ஒரு புள்ளி சிக்னல் வந்துச்சு!"

"முதலாளி ஒரு ரூவா கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"அது மல்லாட்டை. இது சாக்ஸபோன்!"

"எழுதினது எழுதினதுதான். இறங்குங்க."

மணி ஆறு ஆனது. சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. தேவகுமார் குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். போச்சு, கண்டிப்பாகப் போச்சு. சூரியன் மறைவதற்குள் நாலு இட்லி தின்றார். சட்னி எது சாம்பார் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

விடிந்து பால் வாங்கப் போகும்போது சிக்னல் திரும்பி வந்தது. 'வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தது செய்தி. இருபத்து மூவாயிரத்து ஐநூறிலேயே அந்த மகாபாவி நின்றுவிட்டிருந்தான். காலையில் எழுதிய சீட்டே ஜெயித்திருந்தது. துள்ளிக் குதிக்கப் போனவர், திரையில் இன்னும் அனுப்பப்படாமல் கிடந்த நேற்றைய எண்ணைப் பார்த்தார். இருபத்தாறாயிரத்துக்கு அவர் தட்டியிருந்தது இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அவசரத்தில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருந்தது. நடுரோட்டில் நின்று மலைக்கு ஒரு கும்பிடு போட்டார். நயினார் வீட்டு ஆள் அண்ணாமலையாருக்குக் கும்பிடு போடலாமா என்று யாரும் கேட்கவில்லை, அப்படியே கேட்டாலும் அந்த நேரத்தில் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

பணம் தளத்தின் வழியாகத்தான் போனது. நாலாம் நாள் பார்சல் மண்டி விலாசத்துக்கு வந்தது. பார்சல் விஷயம் எப்படியோ கசிந்து, மூட்டை தூக்குகிறவர்கள், விவசாயிகள், ராஜமாணிக்கம் எல்லோரும் வட்டமாகக் கூடிவிட்டார்கள். கனகலதா வேங்கிக்காலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். பிரிப்பதற்கு முன் வீடியோ எடுக்க வேண்டும், கோளாறு என்றால் அதுதான் சாட்சி என்று மகள் சொல்லியிருந்தாள். ராஜமாணிக்கம் போனைப் பிடித்துக்கொண்டார்.

பிரிக்கும் முன் தேவகுமார் பார்சலைத் தராசில் வைத்தார். பழக்க தோஷம். ஏழு கிலோ இருநூறு. பெட்டியோடு ஆறு கிலோ என்று மதிவதனி எழுதியிருந்தார். மூட்டையில் எடை கூடினால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கல்.

"கல்லா இருக்காது" என்றார் ராஜமாணிக்கம், போனை இறக்காமல். "நயினாரை ஏமாத்தணும்னா இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்."

தேவகுமார் காது வழக்கம்போல் சிவந்தது. அவர் கனகலதாவைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பு உதட்டுக்கு அருகே போனது. இந்த ஒரு மாதத்தில் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். அவருக்கு என்னவோ போலிருந்தது.

"பொறந்து வந்துட்டான், முதலாளி" என்றார் உரக்க. "போன மாசமே வந்துட்டான். நம்மாளுன்னு சொன்னான், நான் விழுந்துட்டேன். முப்பதாயிரம் போயிருக்கும். இவதான் அவன் பரோட்டாவை வச்சே அவனைப் பிடிச்சா. சரக்குப் பார்க்கத் தெரிஞ்சது எங்க வீட்ல இவளுக்குத்தான்." சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த குத்தூசியை உருவினார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அதை இன்னொரு கையில் கொடுத்தார். "நீ குத்து, கனகா."

மண்டியே வாயைப் பிளந்தது. கனகலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் நின்றபாடில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஊசியால் பார்சலின் ஓரத்து டேப்பைக் கிழித்தாள். பெட்டியைத் திறந்தாள். தங்க நிறம் தெரிந்தது, ஒடுக்கும் எழுதியிருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைத் தூக்கிச் சாய்த்ததும் வாயிலிருந்து கலகலவென்று தரையில் கொட்டியது. வறுத்த மல்லாட்டை. கூட ஒரு துண்டுச் சீட்டு: 'பார்சலில் ஆடாமல் இருக்கத் திணித்தேன். ஊதுவதற்கு முன் சாப்பிடவும்.'

ராஜமாணிக்கம் போனைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். எல்லோரும் பொறுக்கினார்கள். வாயில் போட்டுக் கடித்து, நல்ல வறுவல் என்று தீர்ப்பும் சொன்னார்கள். கொட்டியது எல்லாம் சேர்த்து ஒரு கிலோ இருநூறு இருக்குமா என்று ஒருத்தர் தராசைக் கேட்டார், அதற்குள் பாதி தீர்ந்திருந்தது.

தேவகுமார் ஊதுவாயைத் துடைத்து வாயில் வைத்தார். போட்டோவில் உப்பிய அதே கன்னங்களை உப்பினார். வெளியே வந்த சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த மாட்டு ஜோடி திடுக்கிட்டு எழுந்து நின்றது. இரண்டாவது தடவை லாரி பின்னால் வருகிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை, நடுவில் ஒரே ஒரு நொடி, சிரித்துக்கொண்டே அழுகிற அந்தச் சத்தம் வந்துவிட்டது. அவர் ஊதுவதை நிறுத்தி மனைவியைப் பார்த்தார்.

கனகலதா குத்தூசியைக் கொடுக்கவில்லை. அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரம் போகாத சரக்கைப் பார்த்து மண்டியில் சொல்வது போலவே தீர்ப்புச் சொன்னாள்.

"சரக்கு சுத்தம். ஊதற ஆளுதான் இன்னும் கொஞ்சம் காயணும்."